கேட்கப்படுபவன்

பிறன் செய்த கொலைக்கு நான் எங்ஙனம் பொறுப்பாவேன்? ஆட்சிக் கட்டிலில் அமர்ந்தோர் காலந்தோறும் எழுப்பிவரும் வினா இது. நெதர்லாந்தின் பிரதமராயிருந்த விம் கோக், தம் பதவியையே இவ்வினாவுக்கு விடையாக அளித்தார். அவ்விடை போதுமா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

1938இல் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த கோக், தொழிற்சங்கத்தில் உயர்ந்து அதன் தலைவரானார். 1982இல் அவர் கண்ட வாசனார் உடன்பாட்டின்படி, தொழிலாளர் ஊதிய உயர்வை மட்டுப்படுத்திக்கொண்டனர். முதலாளிமார் வேலை நேரத்தைக் குறைக்க இசைந்தனர். 1986இல் தொழிற்கட்சியின் தலைமையை ஏற்றார், 1989இல் நிதியமைச்சரானார், 1994 முதல் 2002 வரை பிரதமராய் விளங்கினார்.

போஸ்னியாவிலுள்ள ஸ்ரெப்ரெனிகா நகரை ஐக்கிய நாடுகள் சபை 1993இல் பாதுகாப்புப் பகுதியென அறிவித்தது. அச்சொல்லை நம்பி முஸ்லிம்கள் பல்லாயிரவர் அங்கே தஞ்சம் புகுந்தனர். தம் படைக்கலங்களில் ஒரு பகுதியையும் ஒப்படைத்தனர். காவல் நின்றோர் டச்சு வீரர் சில நூற்றுவர். அவர்களிடம் ஆயுதமும் குறைவு. கோரிய வான்படை உதவியும் போதிய அளவில் வரவில்லை. 1995 ஜூலை 11இல் போஸ்னிய செர்பியப் படை நகரைக் கைப்பற்றியது. தொடர்ந்த நாள்களில் 8,000க்கும் மேற்பட்ட ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டனர்.

இதுபற்றி அரசே பணித்த ஆய்வின் அறிக்கை 2002 ஏப்ரல் 10இல் வெளிவந்தது. ஆறாம் நாள் கோக்கின் அமைச்சரவை விலகிற்று. கொலைக் குற்றத்தைத் தாம் ஏற்கவில்லையென்றும், உலக சமூகம் முகமற்றதாதலின் பாதிக்கப்பட்டோர் முன் அது பொறுப்பேற்க இயலாதென்றும், தம்மால் அது இயலுமென்றும் அவர் கூறினார்.

அடுத்த திங்களே தேர்தல். மீண்டும் நிற்கப்போவதில்லையென அவர் முன்பே அறிவித்துவிட்டார். ஏழாண்டு கழித்துத் துறந்த பதவிக்கு என்ன மதிப்பு எனச் சிலர் வினவினர். நியாயமான வினாவே.

அரபு மொழியில் பொறுப்புடையவனை 'மஸ்ஊல்' என்பர். 'கேட்கப்படுபவன்' என்பது அதன் நேர்ப்பொருள். குற்றவாளிக்கு வேறு சொல் உண்டு. ஓநாய் ஆட்டைக் கவ்வியதால் மேய்ப்பன் ஓநாயாகிவிடான். ஆயினும் ஆடு எங்கே என்று மேய்ப்பனைத்தான் கேட்பர். ஓநாய்க்குரிய தீர்ப்பு வேறு: செர்பியத் தளபதி ராட்கோ மிலாடிச்சுக்கு ஹேக் நகரத்து அனைத்துலக மன்றம் 2017இல் ஆயுள் தண்டனை விதித்தது.

எனவே குற்றத்தை மறுத்துப் பொறுப்பை ஏற்ற கோக்கின் கூற்றில் முரண்பாடு இல்லை. ஆனால் பதவி விலகுவதோடு கேள்வி ஓய்ந்துவிடுவதில்லை. அவர் 2018இல் மறைந்தார். டச்சு முகாமுக்குள் தஞ்சம் புகுந்து, பின் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 350 ஆடவரின் திறத்தில், அரசுக்குப் பத்தில் ஒரு பங்கு பொறுப்புண்டென டச்சு உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் அரசு மன்னிப்புக் கோரிற்று.

அபயம் தருவதாகக் கூறும் சொல் ஓர் அமானிதம். காக்க வலிவில்லையேல், அச்சொல்லைக் கொடுக்குமுன்பே அதனைக் கூறிவிட வேண்டும். அந்நகரத்து மக்கள் நம்பியது வீரர்களின் துப்பாக்கியை மட்டுமன்று. உலகம் கொடுத்த வாக்கையும் நம்பினர். அவ்வாக்கைப் பற்றிக் கேட்கப்பட வேண்டியோர் பலர். கேட்குமுன் எழுந்து நின்றவர் சிலரே. கோக் காலந்தாழ்ந்து நின்றார், எனினும் நின்றார்.