ஒலிப்பதிவும் உரையளவையும்

பதிவு செய்யப்பட்ட ஒரு பாடலைக் கேட்பவர் பாடியவரின் குரலையே கேட்கிறாரா, அல்லது அக்குரலைப் பற்றி இன்னொருவர் சொல்லும் செய்தியைக் கேட்கிறாரா என்பது, அறிவு பிறக்கும் வழிகளை ஆராய்ந்த மெய்யியல் மரபுகளுக்கு உரிய கேள்வியாகும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், ஒன்றை அறிதற்குரிய கருவியை ‘அளவை’ என்று வழங்கி, பிறர் அதனைப் பலவாக விரித்தாலும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் எல்லாம் அடங்கும் என்கிறது. புலன்வழி நேரே அறிவது காண்டல். புகையைக் கொண்டு தீ உண்டெனத் துணிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை.

இக்கேள்வியை ஆராய ஆனைகட்டி மிகவும் பொருத்தமான இடம். கோயம்புத்தூரிலிருந்து அட்டப்பாடி செல்லும் வழியில் தமிழ்நாடும் கேரளமும் கூடும் இவ்வூரில், வேதாந்தத்தை ஒரு கோட்பாடாக அன்றிச் சொல்வழிப் பிரமாணமாகவே, அதாவது உரையளவையாகவே, கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்திய சுவாமி தயானந்த சரஸ்வதியின் ஆர்ஷ வித்யா குருகுலம் 1990இல் தொடங்கியது. இங்குள்ள, பறவையியலுக்கான சாலிம் அலி மையமும் அதே ஆண்டில் நிறுவப்பட்டதே. சுற்றியுள்ள ஊர்களில் வாழும் இருளர்களின் பாட்டோ, எழுத்தில் தங்காமல் வாய்வழியே வந்தது. அத்தகைய பாட்டு இன்று ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மடிக்கணினி ஆகியவற்றைக் கொண்டு வீட்டு அறையிலேயே பதிவாகிவிடக்கூடும் என்பதால், அளவை பற்றிய கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று.

பதிவின் முதற்கட்டத்தைக் காண்டலுக்கு நெருக்கமானது என்றே கொள்ளலாம். மைக்கின் மெல்லிய சவ்வு காற்றின் அதிர்வை மின்னழுத்தமாக்க, இன்டர்ஃபேஸ் அதனை நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து எண்களாக்குகிறது. ஓர் அலையின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேல் அளவெடுத்தால் அந்த அலையை முழுமையாக மீட்டுவிடலாம் என்பது கணித உண்மை. மனிதச் செவியின் எல்லையோ ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே டிஜிட்டல் பதிவு ஒலியைத் துண்டாக்கி உயிரைப் போக்கிவிட்டது என்னும் பரவலான வருத்தத்திற்கு இங்கே இடமில்லை. மைக்கை எங்கே வைப்பது என்பது பதிபவரின் தெரிவுதான் எனினும், எங்கே நின்று பார்ப்பது என்பது கண்ணுக்கும் உரிய வரம்பே.

சிக்கல் அதன் பிறகே எழுகிறது. பல தடங்களைச் சேர்த்து அளவு பொருத்துவது மிக்ஸிங். அவ்வாறு சேர்த்ததை வெளியிடுவதற்கேற்ற இறுதி வடிவாக்குவது மாஸ்டரிங். இவற்றில் ஈக்யூ சில அதிர்வெண்களை உயர்த்தித் தாழ்த்துகிறது. கம்ப்ரெஸர் உரத்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள தொலைவைக் குறைக்கிறது. லிமிட்டர் உச்சத்திற்கு வரம்பிடுகிறது. இரைச்சல் நீக்கி சில்வண்டின் ஒலியையும் தகரக்கூரையின் மேல் விழும் மழையையும் துடைத்துவிடுகிறது. எண்ணெய் தேடும் நில அதிர்வு ஆய்வில் பணியாற்றிய ஆண்டி ஹில்டெபிராண்ட் உருவாக்கி 1997இல் வெளிவந்த ஆட்டோ-டியூன், பாடிய சுரத்தைக் கண்டறிந்து, தெரிவுசெய்த சுர வரிசையில் அதற்கு அண்மையிலுள்ள இடத்துக்கு நகர்த்துகிறது. இத்தனையும் நடந்த பின்பு ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி காண்டல்தான். ஆனால் ‘இவர் இப்படிப் பாடினார்’ என்னும் அறிவு காண்டலன்று. நேர்த்தியாகச் செய்த திருத்தம் பாடலில் தடயம் காட்டாதபோது கருதலுக்கும் வழியில்லை. பதிந்தவர் சொன்னால் மட்டுமே அது தெரியவரும். அதாவது அது உரையளவையாகிவிடுகிறது. பொருளை உள்ளபடி அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவரே ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், என்பது நியாய மரபின் வரையறை. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இவ்வேலைகள் பலர் கையில் பிரிந்திருந்ததால் ஒருவர் செய்ததை இன்னொருவர் கேள்வி கேட்க முடிந்தது. வீட்டு அறையிலோ பதிபவர், கலப்பவர், முடிப்பவர் எல்லாம் ஒருவரே ஆதலால், அவரையன்றி வேறு சான்று இல்லை.

அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) படத்தில் தம் மொழியில் பாடிய பாடலுக்காக, 2022இல் அறிவிக்கப்பட்ட 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியாகத் தேர்வுபெற்றார். கொடுத்த சுருதிக்கு ஏற்பப் பாட இயலாதவருக்கு இவ்விருது தகுமா என்று அப்போது ஒரு குரல் எழ, இசைத்துறையினர் பலர் அவர் பக்கம் நின்றனர். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமக் கூறுகளாக்கிய கட்டம் பல இசைமுறைகளுள் ஒன்றின் ஏற்பாடு மட்டுமே; அதற்குள் அடங்காத குரலைப் பிழை என்று கொள்வதும், அதனைத் திருத்திவிட்டு நஞ்சியம்மா போன்றவர் பாடியது இதுவே என்று வெளியிடுவதும், சிவஞான சித்தியார் திரிவு என்று விலக்கும் அறிவு, அதாவது ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் மயக்கம்.

இவ்விடத்தில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் தருமபுர நிகழ்ச்சி நினைக்கத்தக்கது. சம்பந்தரின் பதிகங்கள் சிறப்பது திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலிட்டு வாசிப்பதாலேயே என்று பாணரின் சுற்றத்தார் சொல்ல, அது கேட்டு மனம் பொறாத பாணர், யாழில் அடங்காத இசையில் பாடுமாறு சம்பந்தரை வேண்டினார். அவ்வாறே பாடப்பட்ட யாழ்மூரிப் பதிகம் கருவிக்குள் வராதபோது அவர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, அனைத்தும் கருவியில் அடங்காது, இயன்ற அளவு வாசியும் என்று அதனைத் திரும்பக் கொடுத்தார். கருவி குறைபட்டது என்று இருவரும் ஒப்புக்கொண்டனரே அன்றி, கருவிக்குள் அடங்குமாறு பாட்டை நறுக்கலாம் என்று எவரும் கருதவில்லை.

மாஸ்டரிங்கே கூடாது என்பது இதன் பொருளன்று. கேட்பதற்கு இனிதாக்குவதும் கலையே. காட்டில் பறவையின் குரலைப் பதிபவர்கள் நாள், நேரம், இடம் ஆகியவற்றைத் தம் குரலிலேயே பதிவில் சேர்த்து, மூலத்தைத் தொடாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பறவைக்குக் காட்டும் இந்த நேர்மையை மனிதருக்கும் காட்டலாம்: திருத்தாத மூலப்பதிவைத் தனியே வைப்பதும், என்னென்ன மாற்றப்பட்டன என்று எழுதி வைப்பதும், பாடியவருக்கு இரண்டையும் போட்டுக்காட்டி அவர் இசைவைப் பெறுவதும் வேண்டும். 24 பிட், 48,000 அளவில் ஒரு மைக்கில் பதிந்த ஒரு மணி நேர மூலம் கணினியில் ஏறத்தாழ அரை ஜிபி இடமே கொள்வதால், இடமில்லை என்று எவரும் அதனை அழிக்க வேண்டியதில்லை.