நம் கையின் கீழுள்ளவர்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் நாம் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கடை ஆட்களிடம் வந்து நிற்கிறது. ஆள் கிடைப்பதில்லை என்கிறோம். கிடைத்தவன் நிலைப்பதில்லை என்கிறோம். நிலைத்தவனுக்கு வேலை தெரியவில்லை என்கிறோம். முதலிரண்டுக்கும் பெர்மிட்டு, சம்பளம் என்று பல காரணங்கள் உண்டு. மூன்றாவதற்குக் காரணம் யார் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். வேலை தெரியாதவனுக்கு அதைத் தெரிவிக்க வேண்டியவர் நம்மையன்றி வேறு யார்?

மனிதர் ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பரைப் போன்றவர் என்றும், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி அவர் விசாரிக்கப்படுவார் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அபூதர் (ரலி) அவர்கள் வாயிலாக வந்த ஹதீது ஒன்றில், நம் கையின் கீழ் உழைப்பவர்கள் நம் சகோதரர்கள் என்றும், நாம் உண்பதை அவர்களுக்கும் உண்ணக் கொடுக்க வேண்டும், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் நாமும் கூடநின்று உதவ வேண்டும் என்றும் வருகிறது. அன்று இது அடிமைகளைக் குறித்துச் சொல்லப்பட்டது. அடிமைக்கே இவ்வளவு ஹக்கு உண்டென்றால், கூலிக்கு உழைக்கும் சுதந்திர மனிதனுக்கு எவ்வளவு இருக்கும்!

சக்திக்கு மீறிய வேலை என்றவுடன் நமக்கு அரிசி மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. ஊரிலிருந்து வந்திறங்கிய மறுநாளே, மலாய் ஒரு சொல்லும் அறியாத பையனைக் கடை முகப்பில் நிறுத்துகிறோம். அவன் திணறும்போது வாங்க வந்தவர் முன்னாலேயே ஏசுகிறோம். கற்றுக் கொடாமல் ஏவும் வேலையும் சக்திக்கு மீறிய சுமைதான்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்தபோது நடந்ததை ஸூரத்துல் கஸஸில் ஓதுகிறோம். வேலைக்கு அமர்த்தத் தக்கவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே என்று ஒரு பெண்மணி தம் தந்தையிடம் சொன்னதை அல்லாஹ் எடுத்துக் கூறுகிறான். ஆள் எடுக்கும்போது ஊரையும் உறவையும் விசாரித்து நம்பிக்கையைத் தேடுகிறோம். வலிமை என்பது அந்த வேலைக்குரிய திறமை. அதை எவனும் தாய் வயிற்றிலிருந்து கொண்டுவருவதில்லை. நாம்தான் ஊட்ட வேண்டும்.

நம்பிக்கையையும் பழக்கித்தான் ஆகவேண்டும். கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்தார்கள். சரக்கைச் சோதிப்பது எப்படி, குறையைச் சொல்லி விற்பது எப்படி என்ற இரண்டு பாடமும் இதில் இருக்கின்றன. கூஃபா நகரில் ஜவுளி வியாபாரம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், பழுதுள்ள துணியொன்றைக் கூட்டாளியிடம் காட்டி, பழுதைச் சொல்லி விற்கும்படி கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள் என்று வரலாற்றில் காண்கிறோம். நம் பையன் தராசில் குறைத்து நிறுத்தால் அந்த லாபம் நம் கல்லாவில்தான் விழுகிறது. கேள்வி கணக்கும் நம்மிடத்தில்தான் வரும்.

நிற்க, கற்றுக் கொடுக்கும் முறை என்ன? ஒருவர் பள்ளிவாசலில் சரியாகத் தொழாதபோது, திரும்பப் போய்த் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று முறை அனுப்பினார்கள். இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவரே கேட்டார். அதன்பின் நிலை, ருகூஃ, ஸுஜூது என ஒவ்வொன்றாக, நிதானம் வரும்வரை செய்யும்படி சொல்லிக் கொடுத்தார்கள். செய்யவிட்டுப் பார்ப்பது, அவனுக்கே கேள்வி பிறக்கச் செய்வது, பிறகு படிப்படியாகச் சொல்வது என்பதே அந்த வழி.

மளிகைக் கடையானால், பழைய சரக்கு முன்னே, புதிய சரக்கு பின்னே என்று அடுக்குவது முதற்பாடம். அடுத்தது காலாவதித் தேதி பார்ப்பது, தராசு முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்து நிறுப்பது. பிறகு கல்லா, அதன்பின் கொள்முதல், பற்று வரவு. நாசி கண்டார் கடையானால் தட்டு எடுப்பதிலிருந்து தேத்தண்ணீர் கலக்குவது, ரொட்டி போடுவது என்று ஏறி, பண்டாரியின் பக்கத்தில் நின்று மசாலாக் கூட்டும் பக்குவம்வரை போகவேண்டும். பத்து வருஷம் தட்டு மட்டுமே எடுத்தவன் நம்மிடம் என்ன கற்றான்?

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக வந்து நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்து வருஷம் பணிவிடை செய்தார்கள். அக்காலத்தில் தம்மை ஒருமுறைகூடச் ‘சீ’ என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். அந்தச் சிறுவர் பிற்காலத்தில் ஏராளமான ஹதீதுகளை உலகுக்கு அறிவித்த பெரியவரானார்.

மேலாளைப் பற்றியும் சொல்லவேண்டும். மூத்தவன் என்றோ மச்சான் என்றோ ஒருவனை மேலாளாக்குகிறோம். ஹிஜ்ரி 11ஆம் ஆண்டில், ஏறக்குறையப் பதினெட்டு வயதினரான உஸாமா (ரலி) அவர்களை, மூத்த ஸஹாபாக்கள் இருந்த படைக்கே தலைவராக நாயகம் (ஸல்) அவர்கள் நியமித்தார்கள். சிலர் குறை பேசியபோது, அவர் அதற்குத் தகுதியானவரே என்று உறுதி கூறினார்கள். பின்னர் கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அப்படையை வழியனுப்பச் சென்றபோது, உஸாமா குதிரைமேல் இருக்க, தாம் நடந்தே போனார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் நிறுத்திக்கொள்ள அந்த இளைஞரிடமே அனுமதி கேட்டார்கள். நாமோ மேலாள் என்று பெயர் கொடுத்துவிட்டு, பையன்கள் பார்க்க அவனை அதட்டுகிறோம்; அவனைத் தாண்டி வேலை ஏவுகிறோம். பிறகு அவன் சொல்லை யார் கேட்பார்? தவறு கண்டால் தனியே அழைத்துத் திருத்துவோம். அவனும் தன் கீழுள்ளவர்களை அப்படியே நடத்துவான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நம்மைத் தடுப்பது ஓர் அச்சம். தொழிலை முழுக்கக் காட்டினால் நாளைக்கு எதிரிலேயே கடை வைத்துவிடுவான் என்பதே அது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையாக மதீனா வந்தபோது, அன்ஸாரித் தோழர் ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ கடைத்தெருவுக்கு வழி காட்டும்படி மட்டும் கேட்டார். வழி காட்டினார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தொடங்கியவர் பெருஞ்செல்வரானார். அதனால் மதீனாவாசிகளின் ரிஜ்க்கு குறைந்துவிட்டதா? நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது, முன்னே வந்திருந்த யாரோ ஒருவர்தான் பொட்டலம் மடிக்கவும் சந்தை மலாய் பேசவும் பழக்கினார். அவர் ஒளித்திருந்தால் இன்று நமக்குக் கடை ஏது? மேலும், வழி இருக்கிறது என்று அறிந்த பையன் மனம்வைத்து உழைப்பான். வழி இல்லையென்று கண்டவனுக்குக் கை திருட்டுக்குப் போவதும் உண்டு.

சர்க்காரும் இதற்கு உதவி வைத்திருக்கிறது. 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி, மலேசியப் பிரஜைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு வெள்ளி மனிதவள லெவி கட்டுகின்றன. 2021 மார்ச் முதல் இது அநேகமாக எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது. அந்தப் பணத்தை அவர்களின் பயிற்சிக்குக் கேட்டுப் பெறலாம். சிங்கப்பூரிலும் தேர்ச்சி மேம்பாட்டு லெவி நூற்றுக்குக் கால் வெள்ளி வீதம் கட்டுகிறோம். கட்டுவதைச் செலவென்று எழுதிவிட்டுச் சும்மா இருப்பது வியாபாரிக்கு அழகல்ல.

ஆகவே சகோதரர்களே, நம் கடையில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் ஒரு தாளில் எழுதுவோம். இவர் போன வருஷம் அறியாத எதை இவ்வருஷம் நம்மிடம் கற்றார் என்று எதிரே எழுதுவோம். காலியாக இருக்கும் இடத்தை இந்த ரமலானுக்குள் நிரப்புவோம். ஐந்தொகை போடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்ப்போம்.

வல்ல ரஹ்மான் நம் தொழிலில் பரக்கத்துச் செய்வானாக! நம் கையின் கீழுள்ளவர்களின் துஆவை நமக்குச் சாதகமாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.