காற்றின் மைந்தன் காக்கும் களம்

காசியில், துளசி கட்டத்தருகே துளசிதாசர் பெயரால் வழங்கும் மற்களத்தில், அனுமனை வணங்கி மண்ணிற் புகும் மல்லர்கள் ஒருவர் உடலை ஒருவர் எண்ணெயிட்டு நீவிவிடுவதைப் பயிற்சியின் அங்கமாகவே கொண்டிருப்பது நெடுநாளைய வழக்கமாகும். இது சிகிச்சை மட்டுந்தானா, அன்றி வழிபாட்டின் பகுதியா என்னும் வினா என் சிந்தையைவிட்டு அகலுவதில்லை.

எதிராளியின் பாரம் அழுத்த, முதுகு வளைந்து, பிடி தளராது மூச்சை அடக்கும் மல்லனுக்கு விலாவிடைத் தசைகள் இறுகுகின்றன. 12 இணை விலாக்களும் முதுகெலும்போடு மூட்டுற்றிருத்தலால், முதுகு அசைவு குன்றின் மார்பும் தாராளமாக விரிவதில்லை. உதரவிதானமோ தன் வேர்களை இடுப்பு முள்ளெலும்புகளிலேயே ஊன்றியிருக்கிறது. ஆகவே முதுகை நீவும் கை மூச்சின் வாயிலையே தொடுகிறது எனலாம். எலும்பை அக்கை இடம்பெயர்த்துச் சீராக்குகிறது என்று நான் கூறவில்லை. நோவும் இறுக்கமும் சிறிது பொழுது தணிவதே அதன் பயன், அதுவும் சிறிதன்று.

மூச்சை நாம் அடக்கலாம். ஆயினும் உறக்கத்தில் அது நம்மைக் கேளாமலே நடக்கிறது. இவ்வாறு நமக்கு உரியதும் உரியதல்லாததுமாய் நிற்கும் பிராணனை, வாயுபுத்திரனின் சந்நிதியிலே, சற்றுமுன் நம்மை மண்ணில் வீழ்த்திய அதே கை தளர்த்தி விடுவிக்குமாயின், பலம் தனியொருவனின் சொத்து என்னும் அகங்காரத்திற்கு இடமேது? மற்போரின் ஆன்மிகத்தை வெற்றியிலே மட்டும் தேடுவோர் அதனைப் பாதியே கண்டவர் என்பது என் துணிபு.

காசிக்குச் செல்லும் அன்பர்கள், வைகறையில் அக்களத்தருகே சற்று நின்று, போரை மட்டுமன்றி அதன்பின் நிகழும் நீவுதலையும் கண்டு வர வேண்டுகிறேன்.