இசையும் அறமும்

இசை மனிதரை மாற்றவல்லது என்பதில் நம் முன்னோர்க்கு ஐயமிருந்ததாகத் தெரியவில்லை. வழிப்போக்கரைக் கொள்ளையிடும் ஆறலைகள்வரும் பாலை யாழின் இசை கேட்டுப் படைக்கலங்களைக் கைவிடுவர் எனப் பொருநராற்றுப்படை கூறும். ஆயின், யாழிசை ஓய்ந்த பின்னர் அக்கள்வர் யாது செய்தனர்? பாட்டு அதனைக் கூறவில்லை. இக்கட்டுரை எழுப்ப விழையும் வினா அங்கிருந்தே பிறக்கின்றது: இசையால் நெகிழ்ந்த உள்ளம் நல்லுள்ளமாகிவிடுமா?

கிரேக்க அறிஞர் இதனை அரசியற் பிரச்சினையாகவே கருதினர். பிளேற்றோ தமது ‘குடியரசு’ நூலில், புலம்பலுக்கும் களியாட்டத்துக்கும் உரிய இசைமுறைகளை விலக்கி, வீரத்துக்கும் அடக்கத்துக்கும் உரியனவெனத் தாம் கொண்ட டோரிய, பிரிஜிய முறைகளை மட்டும் அனுமதித்தார். பகுத்தறிவு முதிருமுன்னரே இசை இளம் உள்ளத்துட் புகுந்து வேரூன்றிவிடும் என்பது அவரது அச்சம். அதுவே அவரது நம்பிக்கையுமாகும். அவர் மாணாக்கரான அரிஸ்டோட்டில் இத்துணைக் கடுமை காட்டவில்லை. பயன்கள் வேறாதலின் இசைமுறைகள் யாவற்றுக்கும் இடமுண்டு என்றார். மகிழத்தக்கவற்றில் மகிழப் பழகுதல் ஒழுக்கத்தின் கூறு; அப்பழக்கத்தை இசை தரக்கூடும் என்பது அவர் கருத்து.

குறித்த இசை குறித்த குணத்தை வளர்க்கும் என்பதில் இருவரும் உடன்படுவர். வரலாறோ இதனை அவ்வளவு எளிதில் ஏற்பதாயில்லை. 1824 இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனியை நோக்குவோம். மானிடர் யாவரும் உடன்பிறப்பாவர் எனும் ஷில்லரின் பாடலோடு அது நிறைவுறுகின்றது. 1942 ஏப்ரிலில் ஹிட்லரின் பிறந்தநாளை முன்னிட்டு, நாசித் தலைவர்கள் அமர்ந்திருந்த பேர்லின் அரங்கில் அது இசைக்கப்பட்டது. 1972 இல் ஐரோப்பியப் பேரவை அதன் இறுதிப் பகுதியின் மெட்டைத் தனது கீதமாக்கியது. 1974 இல் வெள்ளைச் சிறுபான்மையினரின் ஆட்சியிலிருந்த றொடீசியாவும் அதே மெட்டைத் தேசிய கீதமாக்கியது. 1989 இல் பேர்லின் மதில் திறந்தபின், விடுதலையைக் கொண்டாட மீண்டும் அந்நகரில் அது ஒலித்தது. சுரங்கள் மாறவில்லை, ஒவ்வோர் அவையும் அவற்றைத் தனதென்றே கொண்டது.

இதனால் இசை ஆற்றலற்றது என்பது பெறப்படாது. உணர்ச்சிக்கு வலுவூட்டுவது அதன் ஆற்றல். அவ்வுணர்ச்சி செல்லும் திசையை வகுப்பதில் சொல்லுக்கும் சூழலுக்கும் இசைப்போர் நோக்கத்துக்கும் பெரும் பங்குண்டு. கூடிநின்று பாடுகையில் நாம் நல்லவரென்ற உணர்வு எழுகின்றது. நல்லவராய் உணர்வதும் நல்லவராயிருத்தலும் ஒன்றல்ல. கச்சேரியிற் கண்ணீர் மல்கியவர், மண்டப வாயிலிற் கையேந்தி நிற்பவரைக் காணாது செல்லக்கூடும். இதற்கு நாம் எவரும் விலக்கல்லர்.

அசுணம் எனும் உயிரை யாழிசையால் வரவழைத்துப் பின் பறையறைந்து கொல்வர் என்பது பழைய மரபு. அதனைக் கொல்வோரின் கை இன்பமும் துன்பமும் ஒருங்கே உடையது என்கின்றது நற்றிணைப் பாடலொன்று. யாழின் இனிமை பொய்யன்று, யாழும் குற்றமற்றது. ஆயின் அசுணம் இசையைக் கேட்டதேயன்றி இசைத்த கையை நோக்கவில்லை. நோக்கும் அறிவு நமக்குண்டு. ஆதலின் இசைக்கு உள்ளத்தைத் திறப்போம். திறந்த வாயிலால் அதனுடன் வேறு யாது புகுகின்றது என்பதையும் விழித்திருந்து காண்போம்.