காண்பவர் கடன்

ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்குச் செல்லும் பயணிக்கு வரலாறு தட்டில் வைத்தே வழங்கப்படுகிறது. 1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகள் அங்கே கடலில் கொட்டப்பட்டன. அருகே, 'சுதந்திரத்தின் தொட்டில்' என்று போற்றப்படும் ஃபேனியல் மண்டபம் நிற்கிறது. 1742இல் அதைக் கட்டி நகருக்கு வழங்கிய வணிகரின் செல்வத்திலோ அடிமை வியாபாரப் பணமும் கலந்திருந்தது. கட்டடத்தைப் பார்க்கும் கண்ணுக்கு இது புலப்படாது. கேட்கும் மனத்துக்கே புலப்படும்.

ஊவா மலைநாட்டாருக்கு இவ்விஷயம் அயலானதன்று. அப்புத்தளைக்கு அப்பால், தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியில் 'லிப்டன் இருக்கை' உள்ளது. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய வணிகர், தம் உடைமையை அங்கிருந்து நோக்கினார் என்பது அவ்விடத்தின் பெருமை. இன்று பயணிகள் அங்கே ஏறி நின்று படம் பிடிக்கின்றனர். கொழுந்து பறிக்கும் பெண்ணும் மூடுபனியைப் போல அப்படத்தில் வந்து விழுகிறாள்.

இன்பமாய்ப் பொழுது கழிக்க வந்தவரிடம் துயரக் கணக்கை நீட்டலாமா என்பர் சிலர். அழகை நுகர்வது குற்றமன்று; இதை நாம் ஒப்புகிறோம். பயணி குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. அவர் விடும் பெருமூச்சால் லயன் கூரையின் ஒழுக்கு நின்றுவிடாது. ஆயினும் அந்த அழகு இயற்கை மட்டுமே தந்ததன்று. காட்டை அழித்து, சரிவில் நிரை பிடித்து நட்டவை மனிதக் கைகள். உழைத்தவரையே இயற்கைக் காட்சியாக்கிவிட்டால், அவர் கேட்க வேண்டிய கூலிக்கும் காணிக்கும் யார் பதில் சொல்வது?

அக்கைகளுக்கும் ஒரு துறைமுகம் உண்டு. மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டோர் பலர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் சந்ததியாரைப் பிரஜாவுரிமை அற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. பதுளையில் புகையிரதம் ஏறியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினர். எஞ்சியோரின் நிலை என்ன? 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2023இல், 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். அது காட்சி தேடிய பயணமன்று. உரிமை கேட்ட பயணம்.

ஆகவே காண்பவரின் கடன் யாதெனில், கண்டதன் வரலாற்றைக் கேட்டறிவதும், அறிந்ததை ஊர் திரும்பியபின் பேசுவதுமே ஆகும். மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு இக்கடன் இரட்டிப்பு. லிப்டன் எங்கே அமர்ந்தார் என்று காட்டுவதோடு நில்லாமல், அவர் பார்த்த நிலத்தில் உழைப்பவருக்குச் சொந்தமாய் எவ்வளவு நிலம் உண்டு என்றும் மாணவர் வினவட்டும். படம் பிடிக்குமுன் அப்பெண்ணின் சம்மதத்தையும் பெயரையும் கேட்கட்டும். அவள் மறுத்தால், அம்மறுப்பை மதிப்பதும் பயணத்தில் கற்ற பாடமே.