கற்பனை ரயிலுக்கு என்ன நிறம்?

சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரை ஊர்களைத் தொட்டுச் செல்லும் நெல்லை - தென்காசி ரயில்பாதை 2012இல் அகலப்பாதையானது. அதைப் பார்த்து, 87இல் ஒரு பங்கு அளவில் சொந்தமாக ஒரு குட்டி ரயில்வே அமைக்க ஆசைப்படுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எஞ்சினின் நிறம்.

பச்சை வேண்டாம். நெல் வயலுக்கு நடுவே அது கண்ணில் படாது. நிஜ எஞ்சின்களைப் பாருங்கள்: டபிள்யூஏபி-7 வெள்ளை உடலில் சிவப்புப் பட்டை, நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின் நீலம். தூரத்தில் வரும்போதே அடையாளம் தெரிந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்த முன்மாதிரி பத்தமடைப் பாய். கோரையின் வெளிர் நிறம் பரந்து கிடக்க, ஓரத்தில் அடர்சிவப்புக் கோடுகள். அதையே எஞ்சினுக்கும் கொண்டுவரலாம்: உடல் வெளிர்மஞ்சள், பக்கவாட்டில் நீளமாக ஒரு சிவப்புப் பட்டை, சக்கரங்களை ஒட்டிய கீழ்ப்பகுதி கறுப்பு. பிரேக் தூசியும் எண்ணெயும் படிவது அங்கேதான். பட்டையின் உயரம் எல்லா எஞ்சினிலும் ஒன்றாக இருக்கட்டும்; பழைய டீசலும் புதிய மின்சார எஞ்சினும் அப்போதுதான் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியும்.

இன்னொன்று. அசல் நிறத்தைக் குட்டி எஞ்சினில் அப்படியே அடித்தால், வீட்டு விளக்கில் ஒரு படி கறுத்துத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலந்துகொள்ளுங்கள். முதலில் ஓர் அட்டைத் துண்டில் அடித்து, நீங்கள் அமைத்த வயலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.