எமது ஆன்மாவுக்கு யார் பொறுப்பு?

ஊரில் எமது விசுவாசத்தை நாம் காத்ததில்லை. அதைக் காத்தவர்கள் வேறு ஆட்கள். விடியப்புறம் கோயில் மணி எழுப்பும். பின்னேரம் அம்மா செபமாலைக்கு இழுத்து இருத்துவா. ஞானோபதேச வகுப்புக்குப் போகாவிட்டால் உபதேசியார் படலையில் வந்து நிற்பார். விபூதிப் புதன் வந்தால் இறைச்சிச் சட்டி கவிழ்ந்துவிடும். நாற்பது நாளும் நாம் ஒறுத்தல் செய்தோம் என்பதைவிட, வீட்டில் இறைச்சி இருக்கவில்லை என்பதே சரி.

சுவிசில் இவையொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் றெஸ்ரோறன்றில் வேலை அதிகம். தமிழ்ப் பூசை நடக்கும் ஊருக்குப் போகும் ரயிலுக்கும் எமது வேலை நேரத்துக்கும் ஒத்துவராது. ஆகவே நல்லதொரு சாட்டு எம்மிடம் இருந்துவருகிறது: பக்கத்தில் தமிழ்ச் சாமியார் இல்லை, நேரமில்லை, பிள்ளைகளுக்குத் தமிழில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வருடத்தில் ஒருதரம் ஐன்சீடெல்னுக்குப் போய், மடுவை நினைத்தபடி அந்தக் கறுத்த மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, கணக்கை நேராக்கிக்கொள்கிறோம். (சைவர்களும் எம்மோடு வந்து கொளுத்துகிறார்கள். அவர்களுக்கு இந்தச் சாட்டும் தேவையில்லை.)

அதே ஐன்சீடெல்னில் 1516 முதல் 1518 வரை குருவாக இருந்தவர் உல்றிச் சுவிங்லி. பின்னர் சூரிச்சுக்கு வந்து சீர்திருத்தத்தைத் தொடக்கிவைத்தார். அது வெடித்தது ஒரு சாப்பாட்டு விசயத்தில் என்பது எம்மைப் போன்ற குசினி ஆட்களுக்குப் பிடித்த செய்தி. 1522 மார்ச் 9, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. கிறிஸ்ரோப் புறொசவர் என்ற அச்சகக்காரரின் வீட்டில், புகைபோட்ட இரண்டு வூர்ஸ்ற்றை வெட்டிப் பங்கிட்டுத் தின்றார்கள். தவக்காலத்தில் இறைச்சி தின்பது அன்று தண்டனைக்குரிய குற்றம். நகரசபை விசாரித்தபோது புறொசவர் சொன்ன காரணங்களில் வேதம் மட்டுமல்ல, வேலையும் இருந்தது. பிராங்பேர்ட் சந்தைக்கு முன்னர் அச்சடித்து முடிக்கவேண்டும், இரவுபகலாக வேலை, கூழை மட்டும் குடித்துக்கொண்டு செய்யமுடியாது, எந்நாளும் மீன் வாங்கக் கட்டாது என்றார்.

சுவிங்லி அங்கே இருந்தார். ஆனால் தின்னவில்லை. இரண்டு கிழமையில் அதைப்பற்றிப் பிரசங்கம் செய்தார். நோன்பிருக்க விரும்புகிறவன் இருக்கட்டும், மற்றவனைக் கட்டாயப்படுத்த வேதத்தில் இடமில்லை என்பது அவரது வாதம். இதை மேலோட்டமாகப் பார்த்தால் சுமை குறைந்ததுபோலத் தெரியும். நாம் அப்படி நினைக்கவில்லை. ஊர் தடுத்தபோது தின்னாமலிருந்தது எமது புண்ணியமல்ல. ஒருவரும் தடுக்காத இடத்தில் என்ன செய்கிறோம் என்பதிலிருந்துதான் எமது கணக்குத் தொடங்குகிறது.

சுவிங்லியோடு நின்ற இளைஞர் சிலர் கேள்வியை இன்னும் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் அது யாருடைய விசுவாசம்? 1525 ஜனவரி 21இல் சூரிச்சில் ஒரு வீட்டில் கூடி, வளர்ந்தவர்களாக, தாங்களே விரும்பி மறுபடி ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்கள். நகரசபை இதற்கு மரணதண்டனை விதித்தது. 1527 ஜனவரி 5இல் பீலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கைகளைக் கட்டி லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். வூர்ஸ்ற் தின்றவர்களின் சுதந்திரத்துக்காகப் பேசிய சுவிங்லி, இதில் சபையின் பக்கமே நின்றார். அந்த ஆற்றங்கரையில் ஒரு நினைவுப் பலகை வைக்க 2004 வரை எடுத்தது.

நாமும் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அதை மறுக்கும் எண்ணம் எமக்கில்லை. நாம் அழுதுகொண்டு கிடக்க, ஞானத்தாய் தந்தையர் எமக்காக "விசுவசிக்கிறோம்" என்று பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை நாமே சொல்லவேண்டி வந்த இடம் கோயிலாக இருக்கவில்லை.

போன தவக்காலத்தில் நடந்தது. எங்கள் குசினியில் தமிழர் மூவர். கோப்பை கழுவப் புதிதாக ஒரு தம்பி வந்தான், டொச் தெரியாது. முதல் மாதம் பழகும் மாதம், மேலதிக மணித்தியாலங்களுக்குக் காசில்லை என்று அவனுக்குச் சொல்லும்படி முதலாளி எங்களிடம் சொன்னார். இந்த நாட்டில் உணவகத் தொழிலுக்கென்று கூட்டு ஒப்பந்தம் உண்டு, பழகும் காலத்திலும் மேலதிக வேலை மேலதிக வேலைதான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. முதலாளியின் வசனத்தை மட்டும் பிசகில்லாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். "சரி அண்ணை" என்றுவிட்டுக் கோப்பை கழுவப் போனான். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் சுத்தபோசனம். கன்றிறைச்சி வெட்டிய கையோடு சோறும் பருப்பும் தின்றோம். பாஸ்குப் பூசைக்கு லீவு கேட்டு வாங்கிப் போய் நன்மையும் எடுத்தோம்.

தமிழ்ச் சாமியார் பக்கத்தில் இல்லாததாலா இது நடந்தது? வானத்தை நோக்கி முறையிடும் பாவங்கள் நான்கு என்று உபதேசியாரிடம் மனனம் செய்தவர்கள் நாங்கள். வேலையாளுக்குக் கூலி மறுப்பது அதிலொன்று. நித்திரையில் கேட்டாலும் சொல்வோம். குறைந்தது அறிவல்ல. வேலை போய்விடும் என்று பயந்தோம், வேலை போனால் வதிவிட அனுமதி என்னவாகும் என்று பயந்தோம். இந்தப் பயத்தை அகதியாக இருந்தறியாதவர்கள் சிறுமைப்படுத்தவேண்டாம். ஆனால் பயந்தோம் என்று சொல்வதும், எங்களை நடத்த ஆளில்லை என்று சொல்வதும் ஒன்றல்ல. முன்னது உண்மை.

இதை எழுதும்போதும் "நாங்கள்" என்றே வருகிறது. மூவர் நின்றோம், சரி. முதலாளியின் வசனத்தைத் தமிழில் சொன்ன வாய் ஒன்றுதான். பாவசங்கீர்த்தனத்துக்கு மூவர் சேர்ந்து முழந்தாளிட முடியாது.

தம்பி இப்போது பேர்ணில் வேலை செய்கிறான். அந்த மாதம் அவன் கூடுதலாக நின்ற மணித்தியாலங்களை, ஏனென்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, குசினிக் கலண்டரில் குறித்து வந்தோம். கூட்டிப் பார்த்தால் 38 வருகிறது. கலண்டர் எங்களிடம் இருக்கிறது, அவனுடைய தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. திங்கட்கிழமை றெஸ்ரோறன்ற் பூட்டு.